ஐயாத்துரையின் பெருவிரல்

புருசனின் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்பார்கள். ஐயாத்துரை, ஐயாத்துரை, ஐயாத்துரை. மூன்று தரம் எழுதிவிட்டேன். மனுசன் முற்றத்தில் குந்தியிருந்து மாட்டுக் கயிறு திரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு தும்மல்கூட வரவில்லை.

என் பெயர் நாகேஸ்வரி. தர்மபுரத்தில் இவருக்கு வாழ்க்கைப்பட்டு, வயலும் மாடும் பிள்ளைகளுமாகக் காலம் போய்விட்டது. இவரைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் முதலில் வலது கைப் பெருவிரலைப் பற்றித்தான் எழுதவேண்டும். ஆளின் மானம், ரோசம், புத்தி எல்லாம் அந்த விரலின் நுனியில்தான் இருக்கின்றன.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் கண்ட இடத்தில் சுகம் விசாரிப்பதில்லை, சைக்கிள் ரயரை அமத்திப் பார்ப்பார்கள். சந்தித் தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தால், அதைக் கடந்து போகிறவர் குனிந்து பெருவிரலால் ஒரு அமத்து அமத்தாமல் போகமாட்டார். விரல் உள்ளே போகாவிட்டால் "ம்" என்று ஒரு தலையாட்டு. போனால், சைக்கிளுக்குச் சொந்தக்காரனைத் தேடி ஒரு பார்வை. அந்தப் பார்வையை வாங்குவதைவிடப் பொலிசில் பிடிபடலாம் என்று நினைக்கிற ஊர் இது. கல்யாண வீடு, செத்த வீடு என்ற வேறுபாடும் கிடையாது. ஒருமுறை பாடை வெளிக்கிடுகிற நேரத்தில், வேலியோடு சாத்தியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டு போன ஒருவரை என் கண்ணால் கண்டேன். வேறு யார், இவர்தான்.

என் தமக்கையின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. துணுக்காய் ஊர்ப் பெடியன். நல்ல உத்தியோகம், குடி இல்லை, வெற்றிலைகூட இல்லை. பெண் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். நாங்கள் குசினிக்குள் பலகாரம் அடுக்கிக்கொண்டிருக்க, இவர் மெல்ல வெளியே போய் முன் சில்லை அமத்திப் பார்த்துவிட்டு வந்தார். வந்து, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "ரெண்டு சில்லுக்குக் காத்தடிக்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை என்னெண்டு கொண்டிழுப்பான்?" என்றார். பலகாரத் தட்டை யாரும் தொடவில்லை. பெடியன் இப்போது வேறொருத்தியைக் கட்டிச் சந்தோசமாக இருக்கிறான். தமக்கை எங்கள் படலையை மிதிப்பதில்லை.

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பொல்லாதவள் என்பீர்கள். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லை. சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். கரியரில் நெல்மூட்டை, கான்டில் பிடியில் குடம், பாரில் பிள்ளை. இடம்பெயர்ந்தபோது எங்கள் குசினி முழுவதும் இவருடைய ஒரு சைக்கிளில்தான் போனது. அவ்வளவு பாரத்துக்கு ரயர் கல்லுப் போல இருந்தால்தான் ரியூப் நசியாமல் தப்பும். அன்றைக்கு இவர் சொன்னது சரி, கும்பிட்டு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு காலத்தில் சரியாக இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலம் முழுக்கப் பிழையாக இருக்க இவரைப் போன்றவர்களால்தான் முடியும். மூட்டை ஏற்ற இப்போது லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது. பெரிய றோட்டுக்குத் தார் போட்டாயிற்று. காற்றடிக்கிற பம்ப் மட்டும் இன்னும் இவருடைய சைக்கிள் பாரில் கட்டியபடியே திரிகிறது.

எங்கள் கடைக்குட்டி கௌசலா. உயர்தரப் பரீட்சையில் கணக்கு அவளுடைய காலை வாரிவிட்டது. இனி வீட்டில் இருந்தால் ஒரே வழி, காலையில் சந்திக்கு வருகிற உடுப்புத் தொழிற்சாலை பஸ்தான். அந்த பஸ்ஸில் போகிற பிள்ளைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, எத்தனையோ வீட்டில் அதனால்தான் உலை கொதிக்கிறது. ஆனால் இவளுக்குச் சைக்கிள்தான் உயிர். பள்ளிக்கூடத்தில் ஓடிய ஓட்டமெல்லாம் முன்னுக்கு வந்தவள். அதைக் கண்டுவைத்திருந்த விளையாட்டு உத்தியோகத்தர் சுதாஜினி மிஸ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னா: பொங்கலுக்கு இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே சேற்றுப் பாதையில் ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கும், அதில் முதல் இரண்டு இடத்துக்கு வருகிற பெண்பிள்ளைகளை மாகாண அணிக்கு எடுப்போம், விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கலாம், பிறகு விளையாட்டு ஆசிரியையாக வரவும் வழி உண்டு. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் விடுதி, வராவிட்டால் பஸ் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். கௌசலாவும் தலையாட்டினாள்.

பிரான்சில் இருக்கிற மகன் லக்ஷன் ஒரு மவுண்டன் சைக்கிளைப் பெட்டி போட்டு அனுப்பினான். பெட்டியை உடைத்ததும் இவர் செய்த முதல் வேலை என்னவென்று கேட்கவும் வேண்டுமா? விரல் உள்ளே போனது. "காத்துக் காணாது. வெளிநாட்டில காத்துக்கும் பஞ்சம்போல," என்று சொல்லிவிட்டு, பம்பை எடுத்து நெற்றி வியர்க்க அடித்தார். பிறகு சேறு தெறிக்காமல் மட்காட் பூட்டினார், கரியர் பூட்டினார், மணியும் பூட்டினார். "மட்காட் இல்லாத சைக்கிள் கோவணம் இல்லாத ஆள் மாதிரி. ஊருக்குள்ள கொண்டுபோகேலுமே?" என்று கேட்டார். அந்த அழகான சைக்கிள் பட்டிப்பொங்கலுக்குச் சோடித்த மாடு மாதிரி முற்றத்தில் நின்றது.

கார்த்திகை மழை பிடித்ததும் கௌசலா வயல் பாதையில் இறங்கினாள். எங்கள் பக்கத்துக் களிமண் மழைக்கு ரொட்டி மாவாக ஒட்டும். சில்லு சுற்றச் சுற்ற அதை அள்ளிக்கொண்டு வந்து, மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் அடைத்து, கொஞ்சத் தூரத்திலேயே சைக்கிள் அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. பிள்ளை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஊர் சிரித்தது. ஊர் சிரித்தபடியால்தான் மட்காட் கழன்றது, புத்தி வந்ததால் அல்ல.

பிறகு ரயர்ப் படலம் தொடங்கியது. சைக்கிளோடு வந்த ரயர் நல்ல அகலம், பல்லுகள் நெருக்கம் நெருக்கமாக இருந்தன. பார்க்கத்தான் வடிவு. அந்த இடுக்குகளில் களி ஒருமுறை பிடித்தால் விடாது. பல்லெல்லாம் மூடப்பட்டு, சில்லு விரால் மீனாக வழுக்கும். கௌசலா அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினாள். அவன் இன்னும் அகலமான ஒன்றை அனுப்பினான். அகலம் கூடினால் பிடி கூடும் என்று நினைத்திருக்கிறான், தகப்பன் புத்தி எங்கே போகும்! அது முன் சில்லைப் பிடிக்கிற கவைக்குள் இறுகிக்கொண்டு, களி வெளியே போக வழியில்லாமல் மறுபடியும் பிள்ளையைத் தூக்க வைத்தது. மூன்றாவதாக ஒடுக்கமானது வந்தது. பல்லுகள் உயரம், ஒன்றுக்கொன்று எட்ட எட்ட இருந்தன. அது மேலே கிடக்கிற சுரிச் சேற்றை வெட்டிக்கொண்டு போய்க் கீழே இருக்கிற இறுகின தரையைப் பிடித்தது. வேகம் எடுத்ததும் களி தானாகவே கழன்று பறந்தது. என் கொடியில் காய்ந்த சேலைகளிலும் வந்து விழுந்தது. அதற்கு நான் அவளை ஏசினேன், அது வேறு.

அடுத்தது காற்று. அண்ணன்காரன் காற்று அளக்கிற சின்ன மீற்றர் ஒன்றும் அனுப்பியிருந்தான். நாற்பதில் வைத்து ஓடினால் சைக்கிள் வேர்களில் துள்ளியது, சேற்றில் பக்கவாட்டாக இழுத்தது. ஆகக் குறைத்துப் பதினெட்டில் வைத்தால் வளைவில் ரயர் நெளிந்தது, கல்லில் ரிம் இடித்து ரியூப் ஓட்டையானது. ஒட்டுப் போட்டுப் போட்டு, ஓடி ஓடி, தன்னுடைய எடைக்கு முன் சில்லுக்கு இருபத்திரண்டு, பின் சில்லுக்கு இருபத்தைந்து என்று கண்டுபிடித்தாள்.

"ரயர் கொஞ்சம் மெத்தெண்டு இருந்தால்தான் அம்மா மண்ணில பரந்து குந்தும். கல்லு மாதிரி இருந்தா நடுவில மட்டுந்தான் தொடும், அதுதான் வழுக்குது," என்று எனக்கு விளங்கப்படுத்தினாள்.

எனக்கு உடனே விளங்கியது. நாற்று நடப் போகும்போது விரலை விரித்து ஊன்றித்தானே சேற்றில் நிற்கிறோம்? இவருக்கு விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற மனுசன்! பிள்ளை காற்றைத் திறந்து விடுவாள். அவள் குளிக்கப் போனதும் இவர் அடித்துவிடுவார். வந்து அவள் மறுபடி திறப்பாள். வீட்டில் எனக்கு இந்த "ஸ்ஸ்" என்ற சத்தத்தையும் "சக் சக்" என்ற சத்தத்தையும் கேட்டே காது புளித்துப்போனது. கடைசியில் இவரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், கற்பூரத்தின் முன்னால் சத்தியம் வாங்கினேன். ஓட்டம் முடியும்வரை பிள்ளையின் சைக்கிளில் கை வைப்பதில்லை.

"ஓம் ஓம், வைக்கமாட்டன். எனக்கென்ன வேற வேலையில்லையே?" என்றார். வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும், பிள்ளையாருக்கும் தெரியும்.

ஓட்டத்துக்கு முதல்நாள் நல்ல மழை. விடிந்தபோது வெயில் எறித்தது, ஆனால் பாதையெல்லாம் குழம்பு. கௌசலா மீற்றரை வைத்துக் காற்றைப் பார்த்துச் சரிசெய்து, சைக்கிளை மருதமரத்தில் சாத்திவிட்டு, இலக்கத் துணி வாங்கக் கொட்டகைக்குப் போனாள். "அப்பா, பாத்துக்கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். நான் கொஞ்சம் தள்ளி, கோயிலடியில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

தேத்தண்ணிக் கடைக் கூட்டம் முழுதும் அங்கே வந்திருந்தது. முதலில் வந்தவர் மாயாண்டி. எங்கள் பக்கத்துக் காணிக்காரர், மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டி வயல் செய்தவர், நல்ல மனுசன். ஆனால் பெருவிரல் என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தான், மலைநாட்டான் என்ற பேதமே கிடையாது, எங்கள் ஊரில் எல்லா ஆம்பிளைகளும் ஒன்றுபட்டு நிற்பது அந்த ஒரு விசயத்தில்தான். குனிந்தார். அமத்தினார். விரல் உள்ளே போனது.

"என்னாங்கண்ணே, காத்தே இல்லையே! பாப்பாவ வெறும் ரிம்முலயா ஓட விடப் போறீங்க?"

பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு அமத்து அமத்தினார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் இவரைப் பார்த்தார், அந்தப் பார்வை. இவர் கொஞ்ச நேரம் பொறுத்தார் என்று மாயாண்டி பிறகு எனக்குச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பீடி ஒன்று பற்றவைக்கிற நேரம் என்றார்.

நான் பானையிலிருந்து தலையை நிமிர்த்தியபோது இவருடைய முதுகு மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. அந்த முதுகைப் பார்த்தே நான் கிழவியானவள். அகப்பையைப் போட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ! விடுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சேலை கால்களைச் சுற்றியது. அதற்குள் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். கௌசலா இலக்கத் துணியைக் கட்டியபடி ஓடிவந்து சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனாள். விசில் அடித்தது. இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியில் வெற்றி பெற்றவர் மாதிரி நின்றார்.

"கற்பூரத்துக்கு முன்னால என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாரும் பாக்கிறாங்கள். மானம் போகுது. உனக்கென்ன தெரியும்?" என்றார்.

நடந்ததைக் கௌசலா பிறகு சொன்னாள். முதல் வளைவிலேயே சில்லு இழுத்ததும் விளங்கிவிட்டதாம். இரண்டாவது வளைவில் விழுந்தாள். எழும்பி ஓடி, வயல் வரம்போரம் மறுபடி விழுந்தாள். முழங்கை பிய்ந்தது. எல்லோரும் அவளைக் கடந்து போய்விட்டார்கள். வாய்க்கால் மதகடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஒரு காரை முள்ளை முறித்து வால்வின் ஊசியை அமத்திக் காற்றைத் திறந்துவிட்டாளாம். மீற்றர் கையில் இல்லை, அழுதுகொண்டே விரலால் பார்த்துப் பார்த்துத் திறந்தாளாம். பிறகு ஏறினாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கடைசி வெளி முழுதும் தெரியும். முன்னால் போனவர்கள் சேற்றில் மிதித்து மிதித்துத் தத்தளிக்க, என் பிள்ளை அவர்களுக்கு நடுவால் தார் றோட்டில் வருகிற மாதிரி வந்தாள். ஒருத்தியைக் கடந்தாள், அடுத்தவளைக் கடந்தாள், நான் என் வயதை மறந்து கத்தினேன். கோட்டுக்கு வரும்போது அவளுக்கு முன்னால் இரண்டே பேர். இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் அரைச் சில்லு இடைவெளி.

மூன்றாம் இடம்.

சுதாஜினி மிஸ் ஓடிவந்து அவளுடைய முழங்கையைப் பிடித்துப் பார்த்தா. "ஏன் பிள்ளை மதகடியில நிண்டனீர்? நிக்காமல் வந்திருந்தா நீர்தான் முதலாவது. சைக்கிளுக்கு என்ன நடந்தது?"

கௌசலா தகப்பனைப் பார்த்தாள். இவர் அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முகம் நிறைய அக்கறையோடு வந்துகொண்டிருந்தார்.

"வால்வு பிழைச்சுப்போச்சு மிஸ்," என்றாள்.

இவர் பக்கத்தில் வந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, இரத்தம் வடிகிற கையைப் பார்க்கவில்லை. குனிந்தார். பின் சில்லை அமத்தினார். விரல் உள்ளே போனது.

"பாத்தியளே? காத்து இறங்கிப்போச்சு!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அதுதான் பிள்ளை பிந்தினவள். நான் அடிச்ச காத்து நிண்டிருந்தா முதலாவதெல்லோ."

கூட்டம் "ம்" என்று தலையாட்டியது. மாயாண்டிகூட ஆட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தச் சனத்துக்கு முன்னால், சுதாஜினி மிஸ்ஸுக்கும் கேட்கத்தக்கதாக, எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கற்பூரச் சத்தியம், பம்ப், பிள்ளை மதகடியில் நின்றதற்கு நான் ஊகித்த காரணம், ஒன்றும் விடவில்லை. மிஸ் தன் தலையில் கையை வைத்தா. ஆனால் அவா என்ன செய்வா? கோட்டைத் தாண்டின ஒழுங்கைத்தானே எழுதவேண்டும். "வாற பொங்கலுக்கு வாரும் பிள்ளை," என்றா. இவர் என்னைப் பார்த்து, பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட இவர் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

இப்போது கௌசலா அந்த பஸ்ஸில் போகிறாள். காலையில் மவுண்டன் சைக்கிளில் சந்திவரை ஓடி, தேத்தண்ணிக் கடையோரம் பூட்டிவிட்டு ஏறுவாள். பின்னேரம் வந்து இறங்கும்போது இரண்டு ரயரும் கல்லுப் போல இருக்கும். இவர் பகலில் தேத்தண்ணி குடிக்கப் போகிற சாட்டில் அடித்துவிட்டு வருகிறார், அதைக் கடையில் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார். பம்பை நான் நெல்லுப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். மாயாண்டியிடம் இரவல் வாங்கினார். பிள்ளை வேலை முடிந்து முதுகு நொந்து வந்தாலும் குந்தியிருந்து, "ஸ்ஸ்" என்று காற்றைத் திறந்து, பெருவிரலால் அளவு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வராமல் நேரே வயல் பாதைக்குப் போய்விடுவாள். வருகிற பொங்கல் அவளுடைய மனதில் இருக்கிறது. மீற்றர் அவளுக்கு இப்போது தேவையில்லை.

போன கிழமை மழை தூறியது. நான் அவளுக்குக் குடை கொண்டுபோனேன். அவள் பஸ்ஸால் இறங்கி, கடை வாசலில் எல்லோருக்கும் முன்னால் குந்தியிருந்து காற்றைத் திறந்தாள். வாங்குப் பலகையில் இருந்த ஆம்பிளைகள் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் பதறி எழும்பி வந்தார். குனிந்தார். விரல் ரயரை நோக்கிப் போனது.

"அப்பா," என்றாள் கௌசலா. சத்தம் போடவில்லை. "இனி என்ர சைக்கிளைத் தொடாதேங்கோ."

விரல் பாதி வழியில் நின்றது. அவள் ஏறி மிதித்துக்கொண்டு மழைக்குள் போனாள். சில்லு போன இடத்தில் பல்லுப் பல்லாக அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. இவர் அந்த அச்சைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். என் மனுசனுக்கு ஏதோ விளங்கப்போகிறது என்று அந்த மழையில் நின்று நானும் நம்பினேன்.

நீட்டிய விரலைச் சும்மா மடக்க மனம் வரவில்லைப்போலும். பக்கத்தில் மாயாண்டியின் சைக்கிள் நின்றது. இவர் திரும்பி அதை அமத்திப் பார்த்தார்.

"காத்துக் காணாது," என்றார்.